இரண்டு கையிலும் பாருங்கள்

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. மேடவாக்கம், செம்பாக்கம் தெருக்களுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை இரண்டு நாள் ஆவதற்குள் நிரப்பிவிடும் வேகம் அது! அத்தனையும் முதலில் பாய்வது அயோர்ட்டா எனும் பெருந்தமனிக்குள். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலம், மூன்று அடுக்குச் சுவர்.

பல ஆண்டு உயர் ரத்த அழுத்தமோ பரம்பரைக் கோளாறோ அந்தச் சுவரைத் தளர்த்தினால் குழாய் புடைக்கும். இதுதான் அன்யூரிசம், அதாவது தமனிப் புடைப்பு. பெரும்பாலும் வலிக்காது. 1928-ல் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தில் நுரையீரலைப் பார்க்க எடுக்கிறார்களே, அந்த மார்பு எக்ஸ்ரேயில் அகன்ற நிழலாகத் தற்செயலாக அகப்படக்கூடியது.

உள் அடுக்கு கிழிந்தால்தான் பேராபத்து. ரத்தம் கிழிசலில் புகுந்து, அடுக்குகளைப் பிரித்து, தனக்கென ஒரு பொய்வழி தோண்டுகிறது. டிசெக்‌ஷன் எனப்படும் இந்தப் பிளவின்போது நெஞ்சிலோ, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலோ, தொடங்கும்போதே உச்சத்தில் இருக்கும் வலி வரும். பொய்வழி ஒரு கைக்குப் போகும் கிளையை நெரித்தால் அந்தக் கையில் நாடி தளரும். அதனால் இரண்டு கையிலும் பிபி பார்க்கிறார்கள். மேல் அளவில் 20-க்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகம் வலுக்கும். எத்தனை எளிய சோதனை! சமமாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது, சி.டி. ஆஞ்சியோகிராம்தான் முடிவு சொல்லும். மாரடைப்பென்று எண்ணி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

மருந்திலும் வரிசை உண்டு. முதலில் நாடித்துடிப்பை 60-க்குக் கீழே இறக்குகிறார்கள். பிறகே ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து. மாற்றிச் செய்தால், அழுத்தம் குறைந்ததை உணர்ந்த இதயம் இன்னும் வேகமாக அடித்துக் கிழிசலை நீட்டிவிடும்.

இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதி கிழிந்தால் உடனே அறுவைதான். சிகிச்சை இல்லையென்றால் முதல் இரண்டு நாட்களில் மணிக்கு நூறில் ஒருவர், இருவர் என இறக்கிறார்கள். உடலைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்தி, கிழிந்த துண்டுக்குப் பதிலாக டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணிக்குழாயைத் தைக்கிறார்கள். 1950-களில் அந்தக் குழாயைத் தையல் இயந்திரத்தில் தைத்துப் பார்த்தவர் அமெரிக்க நிபுணர் மைக்கேல் டிபேக்கி. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே இந்த நோய் வந்தது. தான் வளர்த்தெடுத்த அறுவையால் பிழைத்து 2008 வரை வாழ்ந்தார்.

கீழிறங்கும் பகுதி மட்டும் கிழிந்தால் பலருக்கு மருந்தே போதும். தேவைப்பட்டால் தொடை இடுக்கு வழியே சுருக்கிய ஸ்டென்ட்டை அனுப்பி உள்ளே விரியவிடுவார்கள். பொய்வழியின் வாசல் அடைபடும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நெஞ்சுப் பகுதியில் இந்தப் புடைப்பு இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். பொதுவாக 5.5 சென்டிமீட்டரைத் தொட்டதும், கிழியும் முன்பே மாற்றிவிடலாம். அப்படியொரு வலி வந்துவிட்டால் குரோம்பேட்டை நெரிசலில் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் 108-ஐ அழையுங்கள்.