அரியலூர் ரயிலுக்கு எந்த வயது?

அரியலூர் வழியாகப் போன மீட்டர் கேஜ் ரயில் இப்போது இல்லை. 1990களின் இறுதியில் விழுப்புரம்–திருச்சி ‘கார்டு லைன்’ அகலப்பாதையானபோது குறுகிய தண்டவாளம், பழைய பெட்டிகள், அவற்றை இழுத்த இன்ஜின்கள் எல்லாம் விடைபெற்றன. அந்த ரயிலை மேசைமேல் ஓடும் மாதிரியாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர் அரமும் பசையும் வாங்கக் கிளம்புமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த ஆண்டு ரயில்?

‘பழைய ரயில்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் மாதிரி செய்ய முடியாது. 1956இல் அரியலூரில் நின்ற ரயிலும் 1977இல் நின்ற ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடியவைதான். ஆனால் இன்ஜின், பெட்டி, அதன்மேல் எழுதியிருந்த வகுப்பு எல்லாம் வேறு. ஆண்டு முடிவானால்தான் எந்த ஆவணத்தைத் தேடுவது என்பதும் முடிவாகும்.

1956ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு நவம்பர் 23 விடியற்காலையில், கனமழைக்கு இடையே, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தத் துயரத்தால் நாடே இந்த லைனைத் திரும்பிப் பார்த்தது. நாளிதழ்ச் செய்திகளும் படங்களும் நாடாளுமன்ற விவாதங்களும் குவிந்தன. அன்றைய மீட்டர் கேஜ் ரயிலைப் பற்றித் தேடுகிறவருக்கு, நாள் குறிப்பிட்ட சான்றுகள் இவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

முதலில் இன்ஜின். சுதந்திரத்துக்குப் பின் மீட்டர் கேஜ் பயணிகள் ரயில்களுக்காக வந்தது ‘ஒய்.பி.’ வகைக் கரி இன்ஜின். 1949 முதல் 1970 வரை மொத்தம் 871 கட்டப்பட்டன. முதல் இருபதை அமெரிக்காவின் பால்ட்வின் கட்டியது. பிறகு ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ் மாஃபை, கடைசியாக ஜாம்ஷெட்பூர் டெல்கோ. எண்கள் 2000இல் தொடங்கி 2870 வரை வரிசையாகப் போகும். எனவே ஒரு படத்தில் எண் தெளிவாகத் தெரிந்தால் போதும், அந்த இன்ஜின் எங்கே எப்போது பிறந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். 1960களில் கட்டிய இன்ஜினின் படத்தைப் பார்த்து 1956 ரயிலைச் செய்தால் தவறு எண்ணிலேயே தெரிந்துவிடும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்துப் பழைய இன்ஜினைச் செய்ய நினைப்பவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அவற்றுக்கெல்லாம் 1957 வாக்கில்தான் அகில இந்திய வரிசையில் புது எண் கொடுத்தார்கள்.

அடுத்தது பெட்டி. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கே முதலில் செய்தவை அகலப்பாதைப் பெட்டிகள். மீட்டர் கேஜ் முறை பின்னால்தான் வந்தது. ஆகவே ஐ.சி.எஃப். இரும்புப் பெட்டியை 1956 ரயிலில் கோக்கக் கூடாது. பெட்டியின் மேல் எழுத்திலும் கவனம் வேண்டும். 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவான பிறகு பழைய கம்பெனியின் பெயர் பொருந்தாது. 1955இல் பழைய முதல் வகுப்பை ஒழித்து, இரண்டாம் வகுப்பை முதல் வகுப்பாகவும் ‘இன்டர்’ வகுப்பை இரண்டாம் வகுப்பாகவும் மாற்றினார்கள். 1956 பெட்டியில் ‘இன்டர்’ என்று எழுதினால் ஓராண்டு பின்தங்கிய மாதிரி அது. மூன்றாம் வகுப்பும் அப்போது இருந்தாக வேண்டும். அது 1974இல்தான் ஒழிந்தது.

வைகை எக்ஸ்பிரஸைச் செய்ய ஆசைப்படுகிறவர் அது ஓடத் தொடங்கிய 1977 ஆகஸ்ட் 15க்கு வர வேண்டும். அப்போது மூன்றாம் வகுப்பு கிடையாது. அரியலூரில் ‘ஒய்.டி.எம். 4’ டீசல் இன்ஜின் ஓடுகிறது. சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜில் மின்கம்பி இருந்தாலும் அது விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. எனவே ஜப்பானிலிருந்து வந்த ‘யாம் 1’ மின்சார இன்ஜினை அரியலூர் நடைமேடையில் நிறுத்தினால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அது கற்பனைதான்.

ரயிலைச் சுற்றி இருப்பதற்கும் இதே கண்டிப்பு உண்டு. டால்மியாபுரம் என்ற நிலையப் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது இந்த லைனில்தான். பெயர் மாறியது பின்னாளில். 1956 மாதிரியில் பழைய பெயர்ப்பலகைதான் நிற்க வேண்டும். டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை 1939 முதலே உண்டு. அங்கே சிமென்ட் ஏற்றும் கூட்ஸ் வண்டியைத் தாராளமாக நிறுத்தலாம். அரியலூர் அரசு சிமென்ட் ஆலையோ 1979இல்தான் வந்தது.

இனி அளவு. உலகெங்கும் பரவலான ‘எச்.ஓ.’ அளவில் எல்லாவற்றையும் 87இல் ஒரு பங்காகச் சுருக்குகிறார்கள். ஒரு மீட்டர் தண்டவாள இடைவெளி அதில் 11.5 மில்லிமீட்டர் ஆகும். கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒய்.பி.யின் இயக்கு சக்கரம் நாலரை அடி, மாதிரியில் 15.8 மில்லிமீட்டர். சரக்கு ரயிலுக்கான ‘ஒய்.ஜி.’யின் சக்கரம் நாலடி, மாதிரியில் 14. மேலும் ஒய்.பி.க்கு இயக்கு சக்கரம் ஆறு, ஒய்.ஜி.க்கு எட்டு. ஒன்றின் சக்கரத்தை மற்றதற்கு மாட்டினால் பார்த்துப் பழகிய கண் உடனே பிடித்துவிடும். அகலப்பாதைப் பெட்டியின் முகப்பில் இரு ஓரமும் பஃபர் இருக்கும். மீட்டர் கேஜ் பெட்டிக்கு நடுவில் ஒன்றே ஒன்று.

நிறம்தான் பெரிய தலைவலி. கறுப்பு வெள்ளைப் படம் நிறம் சொல்லாது. சில நேரம் பொய்யும் சொல்லும். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் அரக்குச் சிவப்புப் பெட்டி கறுப்பாகவே விழும். அருங்காட்சியகத்தில் நிற்கும் இன்ஜினைப் பார்த்து நிறம் எடுப்பதும் ஆபத்து, காட்சிக்காகப் பளபளவென்று புதுச் சாயம் பூசியிருப்பார்கள். அங்கே போய் எடுத்துவர வேண்டியது நிறத்தை அல்ல, அளவை: ஆணி வரிசை, ஜன்னல் சட்டம், படிக்கட்டு, பஃபரின் உயரம். திருச்சியில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகமும், சென்னை ஐ.சி.எஃப். அருகே உள்ளதும் இதற்கு உதவும்.

காகிதச் சான்றுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஒரு வாசல். அங்கே தேடுகிறவர், 1956இல் அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன என்பதை மறக்கக் கூடாது; இன்றைய மாவட்டப் பெயரில் தேடினால் ஒன்றும் சிக்காது. நார்த் பிரிட்டிஷ் வரைபடங்களில் பல கிளாஸ்கோவில் உள்ளன. ஹ்யூ ஹியூஸ் தொகுத்த ‘இந்தியன் லோகோமோட்டிவ்ஸ்’ நூலின் இரண்டாம் பகுதி 1872 முதல் 1940 வரையிலான மீட்டர் கேஜ் இன்ஜின்களைப் பட்டியலிடுகிறது. பிரிட்டனில் இதற்கென்றே 1950இல் ஒரு வரலாற்று மாதிரி ரயில் சங்கம் தொடங்கிப் படங்களையும் வரைபடங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த வேலை பெரும்பாலும் தனி ஆர்வலர்களின் அலமாரியில் நடக்கிறது.

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களின் நினைவும் சான்றுதான். வேலை நடந்த விதத்தை அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்; ஆண்டுதான் வழுக்கும். “எந்த வருஷம்?” என்று கேட்பதைவிட “தேர்டு கிளாஸ் இருந்தப்பவா, எடுத்த பிறகா? வைகை வர்றதுக்கு முன்னாடியா?” என்று கேட்டால் பதில் நம்பும்படி வரும். ஒருவர் சொன்னதை ஒரு படமோ காகிதமோ உறுதி செய்யும்வரை பென்சிலால்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பலூருக்கு ரயில் பாதை இல்லாததால் அந்த ஊர்க்காரர்களுக்கும் பல காலமாக அரியலூரே ரயிலடி. இந்த இரண்டு ஊர்களிலும் லால்குடி, பொன்மலைப் பக்கமும் ரயில்வே குடும்பங்கள் ஏராளம். வீட்டுப் பெட்டியில் பழைய நிலையப் படமோ, கால அட்டவணையோ, டூட்டி நோட்டோ கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் பென்சிலால் ஊர், ஆண்டு, நிற்பவர் யார் என்று எழுதி வையுங்கள். தாத்தா உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.