பிக்கரிங் கராஜ்களில் உறங்கும் மோட்டார் சைக்கிள்கள்

டொராண்டோ நகருக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையில் அமைந்துள்ள பிக்கரிங்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. பேட்டரி, செயின், டயர், காப்புறுதிக் கட்டணம், வீட்டுக் கடன் வட்டி, பிள்ளைகளின் படிப்பு என்றே அது நீள்கிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் நகரம் என்பதால் இந்த உரையாடல் தமிழிலும் நடக்கிறது.

இலையுதிர் காலம் தொடங்கியதும் அதில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. பனிக்காலம் முழுவதும் நிறுத்தி வைக்கப்படும் வண்டியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சில நிமிடங்கள் ஓடவிட வேண்டுமா என்பதே அது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வண்டி ஓட்டிப் பழகிய பலரின் பதில், ஆம் என்பதாகும். நின்றுகொண்டிருக்கும் வண்டி கெட்டுப்போகும் என்பது ஊரில் மெக்கானிக்குகள் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் கனடாவின் குளிரில் அந்தப் பாடம் இயந்திரத்துக்குக் கேடு விளைவிப்பதுடன், சில வேளைகளில் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கும் ஆபத்தாக முடியலாம்.

ஊரில் மோட்டார் சைக்கிள் என்பது வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செல்லும் அன்றாட வாகனம். மழைக்காலத்திலும் அது ஓடியாக வேண்டும். பிக்கரிங்கில் அது பெரும்பாலும் காருக்கு அடுத்த இரண்டாவது வாகனம். நவம்பர் மாதம் கராஜுக்குள் செல்லும் வண்டி, வீதிகளில் கொட்டப்பட்ட உப்பை மழை கழுவிச் செல்லும் ஏப்ரல் மாதம் வரையில் வெளியே வருவதில்லை. ஆண்டில் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் அது அசையாமல் நிற்கிறது. ஆகவே இங்கு ஓட்டத்தினால் ஏற்படும் தேய்மானத்தை விட, ஓய்வினால் ஏற்படும் பழுதே பெரிதாக இருக்கிறது.

சில நிமிட ஓட்டம் ஏன் தீங்காகிறது?

பெட்ரோல் எரியும்போது வெப்பமும் புகையும் மட்டும் உண்டாவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வீதியில் ஓடும் வண்டியில் அந்த நீர் ஆவியாக சைலன்சர் வழியே வெளியேறிவிடும். இயந்திரத்துக்குள் கசியும் சிறு பகுதியும், எஞ்சின் ஆயில் நன்கு சூடேறும்போது ஆவியாகிப் போய்விடும். ஆனால் மைனஸ் 15 பாகை குளிரில், நின்ற நிலையில் பத்து நிமிடங்கள் ஓடும் எஞ்சினில் ஆயில் அந்தச் சூட்டை அடைவதில்லை. நீர், சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தங்கிவிடுகிறது. எரியாத பெட்ரோலும் அதனுடன் சேர்கிறது. வாரந்தோறும் இதைச் செய்தால், வசந்த காலத்தில் உள்ளிருந்து துருப்பிடித்த சைலன்சரும் மசகுத்தன்மை குறைந்த ஆயிலுமே மிச்சமாகும். பேட்டரிக்கும் இதனால் லாபம் இல்லை. குளிரில் ஸ்டார்ட் செய்வதற்குச் செலவாகும் மின்சாரத்தை, மெதுவாகச் சுழலும் எஞ்சின் பத்து நிமிடத்தில் திருப்பித் தருவது அரிது.

இந்த விளக்கம், யாழ் குடாநாட்டில் 1990களில் வாழ்ந்தவர்களுக்குப் புதியதாக இருக்காது. 1990ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த பொருளாதாரத் தடையின் கீழ் பெட்ரோல் கிடைக்காத நிலையில், அங்கு மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பேட்டரியும் தடைப்பட்டிருந்ததால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே பத்திரப்படுத்தி வைத்திருந்த சில துளி பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெயை எரிக்க முடிந்தது. சூடேறும் முன் மண்ணெண்ணெய் சென்றால் அது எரியாமல் கீழே வடிந்து ஆயிலைக் கெடுக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அன்றாட வேலையாக இருந்தது. எஞ்சினை ஓட்டுவதென்றால் நன்கு சூடாகும் வரை ஓட்ட வேண்டும், அரைகுறையாக ஓட்டக்கூடாது என்பதை அந்தத் தலைமுறை கைப்பழக்கமாகவே கற்றிருந்தது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யும் வழக்கத்துக்கு எதிரான வாதமும் அதுவேதான்.

வீட்டோடு ஒட்டிய கராஜ்

உயிராபத்து எழுவது வீட்டின் அமைப்பினால். பிக்கரிங் போன்ற புறநகர்களில் பெரும்பாலான கராஜ்கள் வீட்டோடு ஒட்டியவை. சமையலறைக்கோ கூடத்துக்கோ திறக்கும் கதவு ஒன்றும் அவற்றில் இருப்பதுண்டு. குளிருக்காக வெளிக்கதவை மூடிவைத்து, அல்லது பாதி திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் பரவலாம். தலைவலியும் குமட்டலும் சாதாரணக் காய்ச்சலின் அறிகுறிகள் போலத் தோன்றுவதால், பாதிக்கப்பட்டவர்கள் காரணத்தை உணராமலேயே மயங்கிவிடக்கூடும். ஒன்டாரியோவில் ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளில் இந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் பொருத்துவதை 2014ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள் கட்டாயமாக்கின. சென்னையில் வாசலிலும் யாழ்ப்பாணத்தில் முற்றத்திலும் வண்டியை உறுமவிட்டுப் பழகியவர்கள், இந்த ஒரு வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கடைசி ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றிவிடுவது முதல் வேலை. பழைய ஆயிலில் உள்ள அமிலமும் நீரும் ஐந்து மாதங்கள் பேரிங்குகளில் ஊறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்தது பெட்ரோல். ஒன்டாரியோவில் விற்கப்படும் பெட்ரோலில் சராசரியாகக் குறைந்தது 10 சதவீதம் எதனோல் போன்ற புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கலக்கப்பட வேண்டும் என்ற விதி 2020இல் நடைமுறைக்கு வந்தது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஆகவே டாங்கியை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் திரவத்தைச் சேர்த்து, அது கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் வரை செல்லும் அளவுக்குச் சற்று ஓட்டிவிட்டு நிறுத்துவது வழக்கம். 2025இல் 20 சதவீதக் கலப்பை எட்டிய இந்தியாவிலும், பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் குறித்து இதே கவலை எழுந்தது.

பேட்டரியைப் பொறுத்தவரை, முழு மின்னேற்றம் பெற்ற ஈய அமில பேட்டரி கனடாவின் குளிரிலும் எளிதில் உறைவதில்லை. முழுவதும் இறங்கியதோ மைனஸ் 10 பாகைக்கு முன்பே உறைந்து வெடிப்பு விடலாம். அதனால்தான் தானாகவே நின்று நின்று மின்னேற்றும் சிறிய சார்ஜர் இங்கு அநேகமாக எல்லோருடைய கராஜிலும் இருக்கிறது. முன்பு சென்னை திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டில் பேட்டரி இறங்கினாலும் காலால் உதைத்துப் பார்க்கலாம். இன்று சென்னையை அடுத்த ஆலைகளில் தயாராகி கனடாவிலும் விற்பனையாகும் ராயல் என்ஃபீல்டின் 650 சிசி வண்டிகளில் உதைக்கும் மிதியே கிடையாது. எரிபொருளைச் செலுத்தும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும்.

இவற்றைச் சொந்தமாகச் செய்துகொள்ளும் ஆர்வத்துக்குப் பொழுதுபோக்கு மட்டும் காரணமல்ல. ஊரில் மரத்தடியில் சில நூறு ரூபாய்க்கு முடியும் வேலைக்கு, இங்கு ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலரைத் தாண்டுகிறது.

வசந்த காலத்தில் வண்டியை வெளியே எடுப்பவர்களில் புதியவர்களும் உண்டு. எம்1 எனப்படும் ஆரம்ப அனுமதிப் பத்திரம் 90 நாட்களே செல்லுபடியாகும். அதை வைத்திருப்போர் இருட்டிய பிறகு ஓட்டவோ, பின்னால் ஒருவரை ஏற்றவோ, 401 நெடுஞ்சாலையில் செல்லவோ முடியாது. எனவே அவர்களுக்குக் கிடைப்பது கிங்ஸ்டன் வீதியும், வடக்கே கிளேர்மண்ட் கிராமத்தை நோக்கிச் செல்லும் வயல்வெளிச் சாலைகளும்தான்.

அந்தச் சாலைகள் அமைதியாக இருப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. விமான நிலையம் அமைப்பதற்காக 1972ஆம் ஆண்டு மத்திய அரசு அங்கு விவசாயிகளின் நிலங்களைக் கையகப்படுத்தியது. விமான நிலையம் வரவில்லை. வீடுகளும் வரவில்லை. அந்தத் திட்டம் கைவிடப்படுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தவர், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட தந்தைக்குப் பிறந்தவரும் அப்போதைய போக்குவரத்து அமைச்சருமான அனிதா ஆனந்த்.

ஆனால் ஏப்ரலில் அந்தச் சாலைகளின் வளைவுகளில், பனிக்காலத்தில் தூவப்பட்ட மணல் இன்னும் கூட்டப்படாமல் கிடக்கும். ஐந்து மாதங்கள் காற்றிறங்கி நின்ற டயரும், ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறுகிவிடும் ரப்பரும், ஓட்டுபவரின் பழக்கம் விட்டுப்போன கைகளும் அந்த மணலை ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டுள்ள நான்கு இலக்கங்களில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் படித்துவிட்டு, முதல் சில நாட்கள் பகல் வெயில் ஏறிய பிறகே அனுபவசாலிகள் புறப்படுகிறார்கள்.