செக் இன்ஜின் விளக்கு: அணைக்கும் முன் அறிய வேண்டியவை



காரின் டேஷ்போர்டில் இன்ஜின் வடிவில் மஞ்சள் விளக்கு எரிந்தால், அதை எப்படியாவது அணைத்துவிட்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறோம். வீட்டிலேயே அணைக்கலாம்தான். ஆனால் விளக்கு அணைந்ததால் கோளாறு தீர்ந்துவிட்டதாக ஆகாது.

முதலில் கவனிக்க வேண்டியவை

விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடினால், மெதுவாக ஓட்டி வந்து விரைவில் சோதிக்கலாம். ஆயில் அல்லது வெப்பநிலைக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும்.

வீட்டில் செய்யும் முறை

1. பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள். சில கார்களில் மூடி தளர்ந்திருந்தாலே விளக்கு எரியும். அதுதான் காரணம் என்றால் சில நாள் ஓட்டத்தில் தானாகவே அணைந்துவிடும்.

2. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள்.

3. திரையில் வரும் கோடு எண்ணை எழுதி வையுங்கள். அழித்துவிட்டால் மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயமும் போய்விடும். பி 0300 என்றால் சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது. பி 0171 என்றால் கலவையில் காற்று அதிகம். கோடு எண் திசையைத்தான் காட்டும். அதை மட்டும் நம்பிப் புதிய பாகம் வாங்கிவிடாதீர்கள்.

4. பழுதைச் சரிசெய்த பிறகே கோடை அழியுங்கள். மீண்டும் விளக்கு எரிந்தால் பழுது இன்னும் இருக்கிறது.

பேட்டரி வயரைக் கழற்றி அணைக்கும் பழக்கமும் உண்டு. அதில் கடிகாரம், ரேடியோ அமைப்புகள் அழியும். சில வண்டிகளில் ஐடிலிங்கும் தடுமாறும். அதனால் ஸ்கேனரே நல்லது.

பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

சாவியை ஆன் செய்ததும் இந்த விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே யாரோ துண்டித்திருக்கலாம். ஸ்கேனரில் 'ரெடினெஸ்' பகுதியையும் பாருங்கள். பல சோதனைகள் முடிவடையவில்லை என்று காட்டினால், அண்மையில் கோடு அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். காரணத்தைக் கேட்டறிந்து, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, குறையைச் சொல்லாமல் காரைக் கைமாற்றுவதும் அதில் அடங்கும். வாங்குபவர் தம் மனைவி மக்களை அதில்தான் ஏற்றிச் செல்வார். உள்ளதைச் சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையலாம், பரக்கத் குறையாது.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் வியாபாரத்தை நேர்மையானதாகவும் ஆக்குவானாக. ஆமீன்.