பள்ளத்தில் தேங்கும் குளிர், காதுக்கு எட்டாத குரல்

மார்கழி. காலை ஆறு மணி. ஓசூர்ப் பக்கம் ஜவளகிரிக்கு வெளியே ஒரு பாறைக் கரட்டின் மேல் நின்றிருந்தேன். கீழே ஏரி, கேழ்வரகுக் கொல்லை, களத்துமேடு எல்லாம் பனிக்குள் முழுகிக் கிடந்தன. தென்னை உச்சிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு, சொல் சொல்லாகத் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

"எந்தக் கோயிலுங்க?" என்று உடன் வந்த பெரியவரைக் கேட்டேன். அவர் அங்கேயே பிறந்து கேழ்வரகு விதைத்து வாழ்கிறவர்.

"நம்ம ஊரே இல்லீங்க சார். ரெண்டு ஊரு தள்ளி. பகல்ல இதே எடத்துல நின்னு பாருங்க, ஒண்ணும் கேக்காது."

அன்றைக்கு ஒரு சுற்று நடப்பதாகத் திட்டம். கரட்டிலிருந்து இறங்கி, வரப்பும் வண்டிப்பாதையுமாகக் காப்புக்காட்டின் ஓரமாகவே வளைந்து, பொழுது சாயும்போது அதே பாறைக்குத் திரும்ப வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது, நாங்கள் போகவும் இல்லை. ஆனால் பெரியவர் உடனே கிளம்ப விடவில்லை. "பனி கலையட்டும். ராத்திரி கொல்லைக்கு வந்த ஆனைங்க இப்பத்தான் காட்டுக்குத் திரும்பும். பனியில எதிரே நின்னாக்கூடத் தெரியாது." ஆக, மூன்று மணி நேரம் பாறையிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று மணி நேரம்தான் அன்றைய பாடம்.

மேலே போகப் போகக் குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மார்கழி இரவில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நிலம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு மேகம் ஏது? நிலம் சில்லிட, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் சில்லிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் இறங்குவதுபோல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே ஏரியின் ஈரம் சேர்ந்தால் பனிமூட்டம். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். இதை வெப்பத் தலைகீழ் நிலை என்பார்கள். பக்கத்தில் இருக்கும் தளியைக் குட்டி இங்கிலாந்து என்று பெருமையாகச் சொல்கிறோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மேட்டுநிலத்தின் குளிருக்கு உயரம் ஒரு காரணம், இந்தத் தேங்கல் இன்னொரு காரணம்.

மூடியைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே ஒரு கொட்டாயிலிருந்து அடுப்புப் புகை நேராக எழும்பியது. ஓர் உயரத்துக்கு வந்ததும் கூரையில் முட்டியதுபோல நின்று, இரண்டு பக்கமும் படுத்துப் பாயாக விரிந்தது. ஓசூர்ப் பக்கத்து ஆலைப் புகையும் வண்டிப் புகையும் குளிர்காலக் காலையில் கலையாமல் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

இனி அந்தப் பாட்டுக்கு வருவோம். காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுதல் வேகத்தில் போகும். பகலில் தரையருகே சூடு அதிகம். ஒலி அலையின் அடிப்பாகம் முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். தலைகீழ் நிலையில் மேல்பாகம் முந்தும், அலை தரையை நோக்கி வளையும். தரைக்கும் மூடிக்கும் நடுவே ஒலி ஒரு குழாய்க்குள் போவதுபோலப் போகிறது. இரண்டு ஊர் தள்ளியிருந்த பாட்டு பாறைக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

அந்த வழியில் வருவது பாட்டு மட்டுமல்ல.

1984இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் விலங்குக் காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளின் அருகே ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லாதபோதும் காற்றில் ஏதோ துடிப்பது அவருக்குப் பட்டது. சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பெரிய ஆர்கன் குழாயின் பக்கத்தில் நின்றபோது உடம்பில் உணர்ந்த அதிர்வு அவருக்கு நினைவுக்கு வந்தது. கருவிகளோடு திரும்பி வந்து பதிவு செய்தார். நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. யானைகள் அந்த எல்லையிலும் அதற்குக் கீழேயும் பேசிக்கொண்டிருந்தன. இதைக் குற்றொலி என்கிறோம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக யானையைக் கட்டி மேய்த்த நாட்டில், அதன் பேச்சில் பெரும்பங்கு நம் காதில் விழவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

1990களில் மைக்கேல் கார்ஸ்டாங், டேவிட் லாரோம் ஆகியோர் பெய்னோடு சேர்ந்து, ஆப்பிரிக்கப் புல்வெளியின் காற்று நிலையை வைத்து யானைக் குரல் எட்டும் தூரத்தைக் கணக்கிட்டார்கள். தெளிந்த வானம், குளிர், காற்றடிக்காத இரவு, பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் என்று எல்லாம் பொருந்தினால் குரல் 10 கிலோமீட்டரையும் தாண்டும், அது எட்டும் பரப்பு பகலைவிடப் பத்து மடங்கு வரை விரியும் என்று கண்டார்கள். கணக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. இயற்பியல் ஜவளகிரிக்கும் அதுவே. அவர்கள் அடுக்கிய நிபந்தனைகளைப் படித்தால் மார்கழி இரவைத்தான் எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றும்.

யானைகள் இங்கே கூடுவதும் மார்கழியை ஒட்டிய மாதங்களில்தான். கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வந்து, தை, மாசியில் திரும்புகின்றன. நாங்கள் ஒரு பகலில் போட நினைத்த சுற்றை அவை சில மாதங்களில் போடுகின்றன. கேழ்வரகு கதிர் முற்றி அறுவடையாகும் காலமும் அதுவே. சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் 1980களில் ஆராய்ந்த ராமன் சுகுமார், காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சோடியமும் கூடுதல் என்று காட்டினார். கொல்லைக்குள் அதிகம் இறங்குவது ஆண் யானைகள் என்றும் அவர் கண்டார். நாளைக்கு 150 கிலோ வரை தின்ன வேண்டிய உடம்பு, நல்ல தீனி இருக்கும் இடத்தைத் தேடுகிறது. அதற்காக ஆறு மாத உழைப்பை ஓர் இரவில் இழக்கும் குடும்பத்தின் துயரம் சின்னதாகிவிடாது. பரணில் கண்விழிக்கிறவர்களுக்கு நஷ்ட ஈடு தாமதமில்லாமல் கிடைப்பதும் யானைப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் தரையைச் சூடாக்க, மூடி உடைந்தது. படுத்திருந்த புகை கலைந்தது. பாட்டு நின்றதா, எங்களை எட்டவில்லையா என்று தெரியவில்லை. இறங்கி நடந்தோம். அறுத்து அடுக்கிய கேழ்வரகுப் போர், ஊடுபயிராக நின்ற அவரையின் பூ வாசனை, வரப்பில் சேற்றில் பதிந்து ஓரம் உலராத ஒரு முறம் அளவுக் கால்தடம். பெரியவர் குனிந்து தடத்தின் விளிம்பை விரலால் தொட்டார். "விடியக்காலம் போயிருக்கு."

2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இந்தக் காடுகளின் பெரும்பகுதி சரணாலயமாகியிருக்கிறது. அதற்கு வரைபடத்தில் எல்லை உண்டு. குரல் போகும் வழிக்கு எல்லை வரைய யாரும் இல்லை. கனரக லாரியின் உறுமலிலும் தாழ்ந்த அதிர்வு நிறைய உண்டு. யானைக் குரல் நெடுந்தூரம் எட்டும் அதே நேரத்தில், அதே மூடியின் கீழே அதுவும் போகிறது. சாலை போடும்போது மண்ணையும் மரத்தையும் அளக்கிறோம். இந்த அதிர்வையும் அளக்க வேண்டும்.

ஆறு மணிக்குப் பாறைக்குத் திரும்பினோம். கொட்டாய்ப் புகை மறுபடியும் படுக்கத் தொடங்கியிருந்தது. காதோரம் சில்லிட்டது. பெரியவர் கம்பளியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பரணுக்குக் கிளம்பினார். தூரத்தில் நாய் ஒன்று குரைத்தது. அவர் நின்று கேட்டார்.

"ஏரிக்கரைக் கொட்டா நாயி. இறங்கிட்டாங்க போல. நீங்க ஊருக்குள்ள போயிடுங்க சார்."