உங்களுக்குத் தெரியுமா? கவசத்தோடு நடக்கும் ஆழ்கடல் மீன்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே அளவைக் கடலுக்குள் கீழ்நோக்கி அளந்துகொண்டு போனால், வழியில் சேற்றுத் தரையை ஒட்டி வாழும் ஒரு விசித்திர மீன் கூட்டம் எதிர்ப்படும். உடல் முழுக்க எலும்புத் தகடு, தலையில் முன்னோக்கி நீளும் இரண்டு கொம்பு, தாடையில் தாடி. பெரிஸ்டிடியிடே என்பது இந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயர். எங்கோ தொலைதூரத்து மீன் என்று நினைக்க வேண்டாம். கேரளக் கரைக்கு அப்பாலும் வங்காள விரிகுடாவிலும் இவை உண்டு.

*

இந்த மீன் தரையில் நடக்கும். மார்புத் துடுப்பின் அடிப்பகுதியில் உள்ள இரண்டு கதிர்கள் மட்டும் சவ்வில் ஒட்டாமல் விரல்போலத் தனித்து நிற்கின்றன. அவற்றை ஊன்றித் தரையைத் தடவியபடியே நகரும். ஆழமற்ற கடலில் வாழும் இதன் பங்காளியான கடல் ராபின் மீனுக்கு இப்படிப் பக்கத்துக்கு மூன்று கால்கள்.

*

அந்தக் கால்கள் ருசியும் பார்க்கும்! வட அமெரிக்கக் கடற்கரையில் வாழும் ஒரு கடல் ராபின் இனத்தை ஆராய்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் 2024-இல் இதை வெளியிட்டார்கள். கால் நுனியில் சிறு மொட்டுகள் இருக்கின்றன. மணலுக்குள் புதைந்திருக்கும் இரையின் ரசாயன வாடையை அவை பிடித்துக்கொள்ள, மீன் அதே இடத்தைத் தோண்டி எடுத்துவிடுகிறது. கண்ணால் பார்க்கவே தேவையில்லை.

*

கவசம் என்றால் பேருக்குக் கவசம் அல்ல. உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வரிசைத் தகடுகள், தகடுகளில் முள். கையில் எடுத்தால் மீன் என்றே தோன்றாது. வளைந்து கொடுக்காது, துள்ளாது. இத்தனை ஆயுதம் தரித்த இந்த மீனின் பல இனங்களுக்குத் தாடையில் பல்லே கிடையாது என்பதுதான் ஆச்சரியம். சேற்றில் கிடக்கும் சிறு இறால் வகைகளும் சிறு நண்டு வகைகளும்தான் உணவு. தாடையின் அடியில் கிளைவிட்டுத் தொங்கும் மெல்லிய மீசை இழைகள் இருட்டில் இரையைத் துழாவ உதவுகின்றன. அதனால் முள் எல்லாம் தற்காப்புக்கே. பெரிய மீன் ஒன்று இதை விழுங்க நினைத்தால் தொண்டை கிழியும்.

*

நிறம் பளிச்சென்ற சிவப்பு. ஆழத்து இருட்டில் இவ்வளவு சிவப்பு எதற்கு? சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியைக் கடல்நீர் மேல் சில பத்து மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. 300 மீட்டர் ஆழத்தில் சிவப்பைக் காட்ட ஒளியே இல்லை. அங்கே சிவப்பு மீன் கறுப்பு மீன். ஆழ்கடல் இறால்களில் பலவும் சிவப்பாக இருப்பதற்கு இதே காரணம்.

*

கல்மீனும் சிங்க மீனும் கவச மீனுக்குச் சொந்தக்காரர்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்தின் குறுக்கே ஓடும் ஓர் எலும்புப் பட்டை இவர்கள் எல்லோரையும் ஒரே பரம்பரை என்று காட்டிக்கொடுக்கிறது.

*

நம் கடலின் கவச மீன்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு மருத்துவர். ஆல்ஃபிரட் வில்லியம் அல்காக் 1859-இல் பம்பாயில் பிறந்தவர். வாலிப வயதில் வயநாட்டுக் காபித் தோட்டங்களில் இருந்தார். பிறகு மருத்துவம் படித்து, 1888-இல் இன்வெஸ்டிகேட்டர் என்ற அரசுக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் சேர்ந்தார். பம்பாயில் கட்டப்பட்ட துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் அது. கடலை அளந்து வரைபடம் போடுவதுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஆழத்துக்கு வலை இறக்கி, மேலே வந்ததை எல்லாம் சாராயத்தில் இட்டுக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அப்படி வந்த கவச மீன்களில் ஒன்றுக்கு 1894-இல், தமக்குப் பின் அந்தக் கப்பலில் பணியாற்றிய ஆண்டர்சன் என்ற மருத்துவரின் பெயரை அல்காக் சூட்டினார். 1898-இல் விவரித்த இன்னொன்றுக்குக் கப்பலின் பெயரையே வைத்தார்: இன்வெஸ்டிகேட்டோரிஸ். நீராவியும் கம்பிக்கயிறும் மட்டுமே துணையாக இருந்த காலத்தில் செய்த இந்த வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இந்திய ஆழ்கடல் மீன்களைப் பற்றி எழுதப் புகும் எவரும் இன்றைக்கும் அவருடைய 1899-ஆம் ஆண்டுப் பட்டியலைப் புரட்டியாக வேண்டும்.

*

அல்காக்கின் பெயர் இப்போது தூத்துக்குடி, கொல்லம் துறைமுகங்களின் ஏற்றுமதிக் கணக்கிலும் இருக்கிறது. அங்கே வந்திறங்கும் சிவப்பு ஆழ்கடல் இறால் ஒன்றின் அறிவியல் பெயர் அரிஸ்டியஸ் அல்காக்கி.

*

கவச மீனுக்கு வினையாக வந்ததும் ஆழ்கடல் இறால்தான். 1999-க்குப் பிறகு கொல்லத்துக்கு அருகே உள்ள சக்திகுளங்கரை விசைப்படகுகள் 200 மீட்டருக்கும் கீழே இழுவைமடி இறக்கத் தொடங்கின. மடி இறாலை மட்டும் பொறுக்கி எடுக்காது. தரையில் இருப்பதை எல்லாம் வாரிக்கொண்டு வரும். அதில் கவச மீனும் சிக்கும். சதை குறைவு, முள் அதிகம், வாங்குவார் இல்லை. கடலிலேயே வீசப்படும், இல்லையென்றால் விலைபோகாத கழிவு மீன்களான கழசலோடு சேர்ந்து மீன்தூள் ஆலைக்குப் போய்த் தீவனமாகும். மங்களூரு வட்டாரத்தில் இத்தகைய ஆலைகள் பல இருக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்குக் கடலுக்குப் போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எத்தனை ஆண்டு வாழும், எந்த வயதில் முட்டையிடும் என்பதெல்லாம் பதிவாகும் முன்பே ஓர் உயிர் தூளாக அரைபடுவது எனக்கு வலிக்கிறது. ஆழத்துக் குளிரில் பல மீன்கள் மெதுவாக வளர்பவை. வாரியதை ஈடுகட்ட அவற்றுக்கு நாளாகும்.

*

பிறந்தவுடன் கவச மீன்கள் தரைவாசிகள் அல்ல. குஞ்சுகள் நீர் நடுவே மிதந்து திரியும். தலையில் நீண்ட முட்கள், விசிறிபோல் விரிந்த மார்புத் துடுப்புகள். பெரிதாகிக் கவசம் இறுகிய பிறகே அடிக்கு இறங்கும்.

*

பெங்களூரு கப்பன் பூங்கா ஓரத்து மீன் காட்சியகத்தில் கவச மீனைப் பார்க்க முடியுமா? வாய்ப்பே இல்லை. 400 மீட்டர் ஆழத்தில் கடல் மட்டத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ 41 மடங்கு அழுத்தம். நீரோ கடல் மேற்பரப்பைவிடப் பல டிகிரி குளிர்ந்தது. அங்கிருந்து மடியில் மேலே வரும் மீன் உயிரோடு வந்து சேர்வதே அரிது.

*

சிவாஜிநகர் மீன்தொட்டிக் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் மீனும் கவசதாரிதான்; ஆனால் உறவு இல்லை. அது தென்னமெரிக்க ஆறுகளின் கெளுத்தி. அதன் தகடுகளின் மேல் நுண்ணிய, உண்மையான பற்கள் முளைத்திருக்கின்றன. இரைப்பையாலேயே காற்றைச் சுவாசிக்கும். அதனால் ஆக்ஸிஜன் அற்றுப்போன சாக்கடை நீரிலும் பிழைத்துக்கொள்ளும். கரையில் பொந்து தோண்டி முட்டையிடும். ஆண் காவல் இருக்கும். தொட்டியில் பெரிதாகிவிட்டதே என்று பரிதாபப்பட்டு யாரோ ஏரியில் விட்டதன் விளைவை ஆந்திராவிலிருந்து வங்காளம் வரை மீனவர்கள் அனுபவிக்கிறார்கள்: வலை கிழிகிறது, உள்ளூர் மீன் குறைகிறது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்சூர் ஏரிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

*

விடுமுறையில் தூத்துக்குடிக்கோ கொல்லத்துக்கோ போனால், ஆழ்கடல் இறால் படகு வந்திறங்கும் நேரம் பார்த்துத் துறைமுகத்தில் நில்லுங்கள். கழசல் குவியலில் சிவப்பாக, கட்டைபோல விறைத்து, மூக்கில் கொம்போடு ஏதாவது கிடந்தால் படம் எடுங்கள்: ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கவாட்டில், ஒன்று தாடையின் அடியில். மீசை எத்தனை, கொம்பு எவ்வளவு நீளம் என்பதை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். எந்தக் கரைக்கு நேரே, எவ்வளவு ஆழத்தில் மடி போட்டார்கள் என்று படகுக்காரரிடம் கேட்டுத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்தக் குறிப்பும் படமும் பயன்படும்.