காட்டுத்தீயும் புகைமூட்டமும்: செயற்கைக்கோள் படங்களை எப்படிப் படிப்பது?

2015ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் பெருந்தீ எரிந்தது. அதன் புகை கடல் தாண்டிச் சென்று சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. அங்கும் பள்ளிக்கூடங்களை மூட வேண்டியதாயிற்று. சுமார் 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்ததாகவும், இந்தோனேசியாவுக்கு ஏற்பட்ட இழப்பு 1,600 கோடி டாலர் என்றும் உலக வங்கி கணக்கிட்டது.

இப்படிப் புகைமூட்டம் வரும்போதெல்லாம், சிவப்புப் புள்ளிகள் நிறைந்த வரைபடங்கள் நம் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. புள்ளிகள் கூடினால் பதறுகிறோம். குறைந்தால் நிம்மதி அடைகிறோம். உண்மையில் அந்தப் புள்ளிகள் எதைச் சொல்கின்றன?

புள்ளி என்பது வெப்பம்

எரியும் தீ, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை அதிகமாக வெளியிடுகிறது. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி, நிலத்தை 1 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து இந்த வெப்பத்தை அளக்கிறது. பின்னர் வந்த வீர்ஸ் கருவி 375 மீட்டர் கட்டங்களாக அளக்கிறது. சுற்றுப்புறத்தைவிட ஒரு கட்டம் மிகவும் சூடாக இருந்தால், அதன் நடுவில் ஒரு புள்ளி வைக்கப்படுகிறது. ஆகவே, ஒரு புள்ளி என்றால் அந்தக் கட்டம் முழுவதும் எரிகிறது என்று பொருளல்ல. எரிமலையும் ஆலைகளின் வெப்பமும்கூடச் சில நேரம் புள்ளியாகத் தெரியும்.

இந்தச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பொதுவாகப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை கடக்கின்றன. இடையில் எரிந்து அணைந்த தீ அவற்றின் கண்ணில் படாது. மேகத்துக்குக் கீழே எரிவதும் தெரியாது. ஜப்பானின் ஹிமவாரி செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. ஆனால், வெகு உயரத்தில் இருப்பதால் சிறிய தீயை அது தவறவிடக்கூடும்.

மண்ணுக்குள் எரியும் தீ

இந்தோனேசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே எரிவது மரங்கள் மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாவரங்கள் மக்கிச் சேர்ந்த 'பீட்' எனும் சதுப்பு மண்ணும் எரிகிறது. செம்பனைக்காகவும் காகித மரங்களுக்காகவும் கால்வாய் வெட்டி நீரை வடித்ததால் அந்த மண் காய்ந்தது. 2015இல் எல் நினோ வறட்சியும் சேர்ந்துகொண்டது. இத்தீ மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருக்கும். வெப்பம் குறைவு, புகை மிக அதிகம். எனவே, புள்ளிகள் குறைந்த நாளிலும் புகை அடர்த்தியாக இருக்கலாம்.

புகையை அளப்பது

புகையைக் கண்டறிய வேறு கருவிகள் உள்ளன. 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி, தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவையும் காற்றில் மிதக்கும் துகள்களையும் காட்டுகிறது. ஆனால், அது காண்பது தரையிலிருந்து வான்வரை உள்ள மொத்தப் புகையை. அதில் நம் மூக்குக்கு எட்டுவது எவ்வளவு என்பதைத் தரையிலுள்ள காற்றுத்தர நிலையங்களே சரியாகச் சொல்லும்.

ஆகவே, வரைபடம் ஒன்று வந்தால் முதலில் அதன் தேதியையும் நேரத்தையும் பார்ப்போம். அடுத்து, காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்ப்போம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் முதியோரும் வெளியே போகலாமா என்பதை, உள்ளூர் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்தே முடிவு செய்வோம். நாசாவின் 'ஃபர்ம்ஸ்' இணையதளத்தில் தீப் புள்ளிகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பொறுப்பு யாருடையது?

புள்ளிகளை நில உரிம வரைபடத்தோடு பொருத்தினால், எந்த நிறுவனத்தின் நிலத்தில் தீ எரிந்தது என்பது தெரியும். தன் எல்லைக்கு வெளியே தீ மூட்டிப் புகை பரப்பும் நிறுவனங்கள்மீதும் நடவடிக்கை எடுக்க, சிங்கப்பூர் 2014இல் சட்டம் இயற்றியது. இந்தோனேசிய உலமா சபை, காடுகளையும் நிலங்களையும் தீங்கு விளையும்படி எரிப்பது ஹராம் என 2016இல் ஃபத்வா வழங்கியது. எனினும், தீயை மூட்டிய கை யாருடையது என்பதைச் செயற்கைக்கோள் காட்டாது. பக்கத்து நிலத்திலிருந்தும் தீ பரவியிருக்கலாம். அதற்குத் தரையில் விசாரணை தேவை.

தீயைத் தடுக்கும் வேலையும் தரையில்தான் இருக்கிறது. வெட்டிய கால்வாய்களை அடைத்து, காய்ந்த மண்ணை மீண்டும் ஈரமாக்க இந்தோனேசியா 2016இல் தனி அமைப்பையே ஏற்படுத்தியது. அந்த மண் நனைந்திருக்கும்வரை அதில் தீ பற்றுவது கடினம்.