வானிலிருந்து ஆடு மாடு எண்ணலாமா?

புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே கேள்விதான். நம் வட்டாரத்தில் ஆடு மாடு எத்தனை? அது தெரிந்தால் எத்தனை லோடு இறக்கலாம் என்று தெரியும். தெரியாவிட்டால் போன வருடத்துச் சிட்டையைப் புரட்டி, உத்தேசமாகக் கொள்முதல் செய்ய வேண்டியதுதான். மளிகைக் கடைக்காரர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஆடு வைத்திருக்கும் குடும்பத்தின் பற்று, ஆடு விற்கிற அன்றைக்குத்தான் வரவாகிறது.

இந்த எண்ணிக்கையை இப்போது வெளிநாடுகளில் ஆகாயத்திலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அன்னா கிரீக் என்றொரு மாட்டுப் பண்ணை இருக்கிறது. பரப்பளவு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல், ஒரே பண்ணை! அங்கே யார் நடந்து போய் எண்ணுவது? அந்த நாட்டில் கங்காருக்களை எண்ணுவதற்கு வெகு காலமாக ஒரு முறை உண்டு. விமானத்தை நேர்கோட்டில் ஓட்டி, கீழே ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குள் தெரிவதை மட்டும் எண்ணி, மொத்தப் பரப்புக்குப் பெருக்கிக்கொள்வார்கள். பத்து மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்து நூறு மூட்டைக்கு விலை பேசுகிறோமே, அதே கணக்குத்தான். மரத்தடியில் நிற்பது கண்ணில் படாது என்பதால், அதற்கும் ஒரு கழிவு கூட்டிப் போடுவார்கள். இப்போது ட்ரோன் படம், துணைக்கோள் படம் எல்லாம் எடுத்து, கம்ப்யூட்டரையே எண்ணச் சொல்கிறார்கள். நல்ல துணைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய ஓர் அடி. யானைக்கு அது தாராளம். ஆட்டுக்கு இரண்டு மூன்று புள்ளிதான் தேறும்.

ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியில், கூட்டமாக இடம்பெயரும் வில்டபீஸ்ட் என்ற மான் இனம் சுமார் 13 லட்சம் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். 2022, 2023 ஆண்டுகளின் துணைக்கோள் படங்களை வைத்து எண்ணி 2025-ல் வெளியிட்ட ஆய்வில் ஆறு லட்சம்கூடத் தேறவில்லை. பாதி செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை என்றும் அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெருக்கல் கணக்குக்கும் நேர் எண்ணிக்கைக்கும் இவ்வளவு தூரம் வரும் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஈஸ்டர்டே என்ற பண்ணைக்காரர், டைசன் என்ற பெரிய இறைச்சிக் கம்பெனிக்காக மாடு வாங்கித் தீனி போட்டு வளர்க்க ஒப்பந்தம் செய்திருந்தார். இல்லாத மாடுகளுக்கு, ஒன்றல்ல இரண்டல்ல, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு, வாங்கிய விலை என்றும் தீனிச் செலவு என்றும் பில் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டே இருந்தார். மொத்தம் 24 கோடி டாலருக்கு மேல். 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022-ல் 11 வருடச் சிறை. அவ்வளவு பெரிய கம்பெனி பில்லைத்தான் பார்த்தது, பட்டியைப் பார்க்கவில்லை. திறந்த வெளியில் அடைத்து வளர்க்கிற மாடு என்பதால், மேலிருந்து நாலு படம் எடுத்திருந்தாலே வெளுத்திருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வீடு வீடாகக் கால்நடைக் கணக்கு எடுக்கிறது. 1919-ல் தொடங்கிய வழக்கம். 2019-ல் வந்த 20-ஆவது கணக்கின்படி நாடு முழுவதும் கால்நடை 53 கோடியே 57 லட்சம். அதில் வெள்ளாடு 14 கோடியே 88 லட்சம், செம்மறி 7 கோடியே 42 லட்சம். வீடு வீடாகப் போவதில் ஒரு சங்கடம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தை அறுவடை முடிந்ததும் நம் சீமைக் கீதாரிகள் செம்மறிக் கிடையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார்கள். வயலில் கிடை போட்டு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நெல்லோ பணமோ வாங்குவார்கள். கணக்கெடுக்க வருகிறவர் வீட்டில் கிழவியையும் கோழியையும்தான் பார்ப்பார். 2024 அக்டோபர் 25-ல் தொடங்கிய 21-ஆவது கணக்கெடுப்பில்தான் இப்படி மேய்ச்சலுக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் கால்நடையை முதன்முறையாகத் தனியே சேர்த்தார்கள். வெகு தாமதம் என்றாலும் நல்ல காரியம்.

கிடை ஆட்டை வானிலிருந்து எண்ணுவதும் சாத்தியம்தான். அறுவடையான வயலில் ராமநாதபுரம் வெள்ளை ஆடு பளிச்சென்று தெரியும். சீமைக்கருவேலங் காட்டுக்குள் புகுந்துவிட்டால் தெரியாது. உடம்புச் சூட்டை வைத்துப் படம் பிடிக்கும் கேமராவும் உண்டு. சித்திரை வெயிலில் தரையே ஆட்டைவிடச் சூடாக இருக்கையில் அது திணறும், விடியற்காலையில்தான் எடுக்க வேண்டும். கோடையில் தண்ணீர் மிச்சமிருக்கும் கண்மாய் நாலைந்துதான். அங்கே காத்திருந்து எண்ணினால் மரத் தொந்தரவும் குறையும்.

ஆனால் வியாபாரிக்கு வேண்டிய கணக்கு அது அல்ல. வெட்டவெளியில் மேய்ந்து படத்தில் விழுகிற கிடை ஆடு நம் புண்ணாக்கைத் தொடுவதில்லை. அதற்குத் தாளும் புல்லும் போதும். புண்ணாக்கும் தவிடும் தின்கிற கறவை மாடு கொட்டிலில், தகரத்துக்கும் கீற்றுக்கும் கீழே கட்டிக்கிடக்கிறது. எத்தனை உயரத்தில் பறந்தாலும் அதன் வாலைக்கூடப் படம் பிடிக்க முடியாது. அந்தக் கணக்கு பால் சொசைட்டியில்தான் இருக்கிறது. தினம் காலையில் எத்தனை பேர் எத்தனை லிட்டர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டால், நம் கொள்முதலுக்கு ஆகாயப் படத்தைவிடப் பக்கத்தில் வரும்.

கிடைக் கணக்கு மளிகைக்காரர்களுக்குத்தான் பயன்படும். எந்த ஊரிலிருந்து எத்தனை கிடை புறப்பட்டது என்று தெரிந்தால், மாசி பங்குனியில் அந்த ஊர்க் கடையில் அரிசி, மிளகாய், எண்ணெய் எவ்வளவு குறைத்து வைக்கலாம், பழைய பற்று எந்த மாதம் திரும்பும் என்பதெல்லாம் பிடிபடும். 21-ஆவது கணக்கின் ஊர்வாரி விவரம் கைக்கு வரும்போது அந்தப் பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதுவரை, கீதாரி புறப்படுவதற்கு முன் சாமான் கட்ட வருவாரே, அப்போது உருப்படி எத்தனை என்று கேட்டுப் பேரேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.